அம்புரோஸின் நல்ல காது

"இந்த ஷாப்பிலேயே உன் காதுதான்யா நல்ல காது" என்று கம்பெனி டாக்டர் முதுகில் தட்டிச் சொன்னது அம்புரோஸுக்கு வினையாக முடிந்தது.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போகும்போது மிட்டாய் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். திருவொற்றியூரில் அந்தக் கம்பெனியின் ஃபோர்ஜ் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டுக் காதோடு வெளியே வந்தவர்கள் சொற்பம். நடுவில் நின்ற பெரிய ஸ்டீம் ஹேமருக்குப் 'பெரியம்மா' என்று பேர். காய்ச்சின இரும்பின் மேல் பெரியம்மா ஒரு தடவை இறங்கினால் வாசல் டீக்கடையில் கண்ணாடி கிளாஸெல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். பக்கத்தில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைஜாடைதான். குறடும் கையுமாக நிற்கும் அம்புரோஸ் ஒரு கையைத் தூக்கினால் லீவரில் நிற்கும் சௌக்கத் அலி பாய் ஒரு அடி இறக்குவார். முஷ்டியை மார்பில் வைத்தால் நிறுத்துவார். இப்படியே இரண்டு பேரும் பதினான்கு வருஷம் வாய் திறக்காமல் சிநேகிதமாக இருந்துவிட்டார்கள்.

அன்றைக்கு டாக்டர் பின்னால் நின்று கிசுகிசுத்த வார்த்தைகளை எல்லாம் அம்புரோஸ் தப்பில்லாமல் திருப்பிச் சொல்லியிருந்தார். எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாங்காத முதல் மார்க்கை இங்கேயாவது வாங்கிப் பார்ப்போமே என்று கொஞ்சம் மிடுக்காகவே சொல்லித் தொலைத்துவிட்டார்.

"மத்தவனெல்லாம் கத்தினாக்கூடத் திரும்பல. உனக்கு மட்டும் எப்படிய்யா?"

"மெழுகு சார். வூட்ல கோயில் மெழுகுவத்தித் துண்ட உருக்கி, பஞ்சுல தோச்சி உருட்டிக் குடுக்கும். டெய்லி டிபன் கேரியர் மேல்தட்டுல இருக்கும் சார், சோத்தோட. அத்தக் காதுல வச்சிக்குவேன்."

"கெட்டிக்காரி" என்றார் டாக்டர்.

பக்கத்தில் நின்ற சேஃப்டி ஆபீசர் மனோகரனுக்கு முகமெல்லாம் பல். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆன இளைஞர், நல்ல மனுஷர். ஷாப்பில் ஒரு காதையாவது காப்பாற்றாமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு, வெளிநாட்டிலிருந்து ஒரு காதுமூடி வரவழைத்திருந்தார். தலைக்கு மேலே ஒரு வளையம், இரண்டு பக்கமும் இரண்டு கிண்ணம். ஆட்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் 'கொட்டாங்கச்சி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"பாதுகாப்பு தினத்தன்னிக்கு இதை எல்லார் முன்னாலயும் சோதிச்சுக் காட்டப் போறோம், அம்புரோஸ். நல்ல காது உள்ள ஆள்தான் வேணும். நீங்கதான் அது. பலிச்சா ஷாப் முழுக்க வாங்கித் தரேன்னு மானேஜர் சொல்லியிருக்கார். பலிக்கலைன்னா இந்த ஒண்ணும் திரும்பிப் போயிடும்" என்றார் மனோகரன். "சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க. குடும்பத்துக்கெல்லாம் முன்வரிசை."

வினை வந்தது அங்கேதான். ஏனென்றால் ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்சந்தில், ஃப்ளோரன்ஸ் என்கிற அந்தச் சம்சாரம் தன் புருஷனுக்கு ஆறு வருஷமாகக் காது கேட்காது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அம்புரோஸ் வேண்டுமென்று ஆரம்பித்ததில்லை. அதுவரை இருந்த சின்ன ஹேமரை எடுத்துவிட்டுப் பெரியம்மா வந்து இறங்கிய வாரம் நிஜமாகவே அவருக்குக் காது அடைத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவரிடம் ஃப்ளோரன்ஸ் என்னவோ கேட்டாள். அவர் பேசாமல் இருந்தார். மறுபடி கேட்டாள், மறுபடியும் பேசாமல் இருந்தார். "ஐயோ, இந்த மனுசனுக்குக் காது பூட்ச்சே" என்று அவள் அழுதாள். மறுநாள் காலையில் முதல் ஜோடி மெழுகுருண்டை டிபன் கேரியரில் வந்து உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் காது திறந்துகொண்டது. ஆனால் அந்த நாலு நாளில் வீட்டில் ஒரு ஏச்சு இல்லை, பேச்சு இல்லை. ஃப்ளோரன்ஸ் கெட்டவள் இல்லை, வாய்தான் ஓயாது. 'இன்னும் ரெண்டே ரெண்டு நாள் இப்படியே இருந்துட்டுப் போவோமே' என்று நினைத்தார். அந்த இரண்டு நாள்தான் ஆறு வருஷமாகிவிட்டது.

புருஷனிடம் பேசிப் பிரயோசனமில்லை என்று ஆனபிறகு ஃப்ளோரன்ஸ் அடுப்போடு பேச ஆரம்பித்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். ஏசுகிற குரல் இல்லை அது, தணிந்த வேறொரு குரல். சேலை கிழிந்துவிட்டதைச் சொல்வாள். முட்டி வலியைச் சொல்வாள். வாய்க்கு ருசியாக என்ன தின்ன ஆசை என்று சொல்வாள். அம்புரோஸ் பாயில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். மறுநாள் தற்செயலாக வாங்கி வருவதுபோல அதை வாங்கி வந்து வைப்பார். "சொல்லாமயே மனசத் தெரிஞ்சிக்கிற மனுசன்" என்று ஃப்ளோரன்ஸ் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். மீன் விஷயத்தில் அம்புரோஸுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. காசிமேட்டு முனையில் கூடை வைத்திருக்கும் கன்னியம்மாவிடம் அவர் எந்த மீனைத் தேடிப் போனாலும் அது ஒரு துண்டாவது மிச்சம் இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் அவள் அடுப்பிடம், "புள்ள இல்லன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்த மனுசன் என்னைச் சொல்லிக் காட்டினது கெடயாது" என்றாள். அம்புரோஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். நேரில் என்றைக்காவது இதை அவள் சொல்லுவாளா? காது கேட்கும் என்று தெரிந்தால் ஆறு வருஷப் பொய்க்கு அவள் மென்னியைத் திருகுவது இருக்கட்டும், அது நியாயம்தான். அடுப்போடு பேசுவதை அல்லவா நிறுத்திவிடுவாள்? அந்தக் குரல் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே மறுநாளே மனோகரனின் அறைக்குப் போய் நின்றார்.

"சார், டாக்டரு ஏதோ தப்பாச் சொல்லிக்கீறாரு. எனக்குக் காது சுத்தமாக் கேக்காது."

மனோகரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வாய்க்குள்ளேயே, "அப்படியா? எத்தனை வருஷமா?" என்றார்.

"ஆறு வருசமா சார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மனோகரன் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கூச்சமா இருக்கா? பயப்படாதீங்க. நிஜமாவே கேக்கலைன்னா உங்களை ஹேமர்லேருந்து எடுத்து பேக்கிங் ஷெட்டுல போடச் சொல்லி டாக்டர் எழுதிடுவார். எழுதச் சொல்லவா?"

பெரியம்மாவை விட்டுவிட்டுப் பெட்டிக்கு ஆணி அடிப்பதா? "கேக்குது சார். நல்லாவே கேக்குது" என்று அம்புரோஸ் பின்வாங்கினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "ஆனா வூட்ல வராது சார். ஒடம்பு செரியில்ல. படுத்த படுக்கை" என்று ஒரு பொய்யைச் சேர்த்துவைத்தார்.

மனோகரன் நல்ல மனுஷர் என்று சொன்னேன் அல்லவா? நல்ல மனுஷர்களால் வருகிற தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. அன்று சாயங்காலமே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு சாத்துக்குடியுமாக ராயபுரம் வந்து, சந்து சந்தாக விசாரித்து வாசலில் நின்றார். படுத்த படுக்கையான ஃப்ளோரன்ஸ் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"உடம்பு தேவலையாம்மா?"

"எனுக்கின்னா? நல்லாத்தான கீறேன். நீங்க யாரு?"

உள்ளேயிருந்த அம்புரோஸ் கதவோரமாக வந்து நின்றார். மனோகரன் தான் யார் என்று சொல்லி, பாதுகாப்பு தினத்தை விளக்கி, காதுமூடியை விளக்கி, "உங்க வீட்டுக்காரரை வச்சுத்தான் சோதனை. ஏன்னா இவரோட காது..." என்று ஆரம்பித்தார். அம்புரோஸ் பலமாக இருமினார். "இவரோட காதுதான்..." என்றார் மறுபடி. அம்புரோஸ் தண்ணீர்த் தவலையை எட்டி உதைத்தார். தவலை உருண்டு, தண்ணீர் ஓடி, சாத்துக்குடி நனைந்து, அந்த வாக்கியம் முடியாமலே போயிற்று. போகும்போது மனோகரன் சொன்னது மட்டும் தெளிவாக இருந்தது. "நீங்க அவசியம் வரணும்மா. முன்வரிசை."

"வராம இன்னா? பட்டுப் பொடவ கட்டிகினு வரேன்" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

அவர் போனதும் அடுப்பின் முன் உட்கார்ந்து, "காது கேக்காத ஆள வச்சிக் காதுக்கு டெஸ்ட்டாம். நல்ல கம்பெனி" என்றாள். பாயில் படுத்திருந்த அம்புரோஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதில் ஒரு வழி தட்டுப்பட்டது. மெழுகுருண்டை. அதைக் காதில் வைத்துக்கொண்டு அதன்மேல் கொட்டாங்கச்சியை மாட்டினால் யாருக்குத் தெரியும்? கொட்டாங்கச்சியைக் கழற்றின பிறகும் காது அடைத்தே இருக்கும். டாக்டர் கிசுகிசுப்பது நிஜமாகவே கேட்காது. பொய் சொன்ன பாவமும் இல்லை. அம்புரோஸுக்குப் பாவ விஷயத்தில் பயம் உண்டு. ஆறு வருஷமாகப் பாவசங்கீர்த்தனத்தில் அவர் இந்த ஒன்றை மட்டும் சொன்னதில்லை. 'கேக்கலன்னு நான் எப்பச் சொன்னேன்? பதில் சொல்லல, அவ்ளோதான்' என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதுகாப்பு தினம் வியாழக்கிழமை வந்தது. ஷாப்பில் வண்ணக் காகிதம் ஒட்டி, நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பக்கம் மானேஜர் டீக்கோப்பையோடு, இன்னொரு பக்கம் ஊதாப்பட்டில் ஃப்ளோரன்ஸ். சூடான இரும்பு வேண்டாம், வெறும் தகட்டின் மேல் அடித்தாலே சத்தம் இன்னும் பிரமாதமாக இருக்கும் என்று மனோகரன் ஏற்பாடு செய்திருந்தார். பார்க்க வந்தவர்களுக்குப் பஞ்சு கொடுத்து, ஹேமர் இறங்கும்போது மட்டும் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

ஆரம்பிக்கும் முன்னால் சௌக்கத் அலி பாய் அம்புரோஸை ஓரமாக இழுத்தார். பாய்க்கு ஒரு காது போய்விட்டது, இன்னொன்று அரையும் குறையும். மெழுகு வைத்துப் பார்த்தார், புண் வந்துவிட்டது. பாங்கு சொல்வது கேட்காமல், தெருவில் யாராவது தொப்பி போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் தொழுகைக்குக் கிளம்புகிறார்.

"நைனா, இந்தக் கொட்டாங்கச்சி வந்தா மிச்சம் கீற அரைக் காதாவது எனக்குத் தங்குமா?" என்று கேட்டார். அம்புரோஸ் தலையை எப்படியும் அசைக்காமல் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கொட்டாங்கச்சியை மாட்டினார்கள். அம்புரோஸ் கையைத் தூக்கத் தூக்க, பாய் லீவரை இழுக்க, பெரியம்மா மூன்று தடவை இறங்கினாள். கொட்டாங்கச்சியைக் கழற்றினார்கள். "இப்ப டாக்டர் பின்னாலேருந்து மெதுவா ஒரு வார்த்தை சொல்வார். காதுக்குச் சேதம் இல்லைன்னா அம்புரோஸுக்குக் கேக்கும். கேட்டா கையைத் தூக்கிட்டு அதைத் திருப்பிச் சொல்வார்" என்று மனோகரன் சபைக்கு விளக்கினார்.

டாக்டர் சொன்னார். மெழுகு தன் வேலையைச் செய்தது. அம்புரோஸ் கையை மடியிலேயே வைத்திருந்தார். டாக்டர் இன்னொரு வார்த்தை சொன்னார். கை அசையவில்லை.

மானேஜர் உதட்டைப் பிதுக்கி மனோகரனிடம் ஏதோ சொன்னார். கை போன போக்கிலிருந்தே 'திருப்பி அனுப்பு' என்பது புரிந்தது. மனோகரனின் முகம் தொங்கிப்போயிற்று. லீவரண்டை நின்ற பாய், மானேஜர் என்ன சொல்கிறார் என்று பிடிக்க, மிச்சமிருந்த அரைக் காதை உள்ளங்கையால் குவித்துக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

அதை அம்புரோஸால் தாங்க முடியவில்லை. தன் வீட்டு நிம்மதிக்காக ஒரு ஷாப்பின் காதையே பலி கொடுப்பதா? என்ன மனுஷன் நான் என்று தம்மையே வெறுத்துக்கொண்டார். சொறிந்துகொள்வதுபோல இரண்டு காதிலிருந்தும் உருண்டைகளை நோண்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். ஊதாப்பட்டைத் தவிர வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "சார், இன்னொரு தபா" என்றார்.

மறுபடி கொட்டாங்கச்சி, மறுபடி மூன்று அடி. கழற்றினார்கள். எல்லோரும் காதிலிருந்து கையை எடுத்தார்கள், பஞ்சையும் எடுத்துவிட்டு ஆவலாகக் குனிந்தார்கள். டாக்டர் உதடு அசையாமல், "கொய்யாப்பழம்" என்றார்.

கேட்டது. அட்சர சுத்தமாகக் கேட்டது. அம்புரோஸ் கையைத் தூக்கினார்.

பதினான்கு வருஷமாக அந்தக் கை தூக்கினால் சௌக்கத் அலி பாய்க்கு ஒரே அர்த்தம்தான். லீவரை இழுத்தார்.

பெரியம்மா இறங்கினாள். மானேஜரின் டீ அவர் மடியில் இறங்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கூச்சலும் யாருக்கும் கேட்கவில்லை.

"கொய்யாப்பழம்" என்று அம்புரோஸ் கடமை தவறாமல் கத்தினார்.

டாக்டர் விஞ்ஞானத்தைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. தள்ளாடி நின்று, "ஆலமரம்" என்றார். அவருக்குத் தம் குரல் கேட்காததால் சற்றுப் பலமாகவே சொன்னார். அம்புரோஸ் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார். பெரியம்மா இறங்கினாள்.

"வேணாம் பாய், வேணாம்" என்று அம்புரோஸ் எழுந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பாய் ஆச்சரியப்பட்டார். ஆனாலும் பெரிய மனிதர்கள் பார்க்கிற நாளில் வேலையில் சுணங்கக் கூடாது. ஆட்டின ஆட்டுக்கெல்லாம் கணக்காக இறக்கினார். மனோகரன் ஓடிவந்து நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார், அதற்கும் ஒரு அடி விழுந்தது. கடைசியில் அம்புரோஸுக்கு நினைவு வந்து முஷ்டியை மார்பில் வைத்த பிறகுதான் பெரியம்மா ஓய்ந்தாள்.

ஷாப் நிசப்தமாகிவிட்டது. குறைந்தபட்சம், அங்கிருந்தவர்களுக்கு அப்படித்தான் இருந்தது.

"என்ன சொல்றே?" என்று மானேஜர் மனோகரனைப் பார்த்து அலறினார். மனோகரன் அதுவரை வாயையே திறந்திருக்கவில்லை. மானேஜர் காதை இரண்டு தடவை குடைந்துகொண்டார், தலையை ஆட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டூலின் மேல் கிடந்த கொட்டாங்கச்சியை எடுத்துத் தம் தலையிலேயே மாட்டிக்கொண்டார். "ஷாப் முழுக்க வாங்கு. இந்த மாசமே வாங்கு" என்று அவர் போட்ட கூச்சலைப் பாய்கூடக் கேட்டுவிட்டார். பாய் ஓடிவந்து அம்புரோஸைக் கட்டிக்கொண்டார்.

பாயின் தோளுக்கு மேலே அம்புரோஸ் பார்த்தார். ஃப்ளோரன்ஸ் இரண்டு காதையும் பொத்தியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவருக்கு ஒரே யோசனைதான். கொய்யாப்பழத்தை அவள் கேட்டாளா, ஆலமரத்தைக் கேட்டாளா? எதுவானாலும் இனி மறைக்க வேண்டாம், தாமே சொல்லிவிடுவோம், திட்டினால் திட்டட்டும் என்று துணிந்தார்.

"ஃப்ளோரன்ஸு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். "ஒண்ணும் கேக்கல. ஙொய்யின்னு கீது" என்று கத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்புரோஸ் மாதாவுக்கு மனசுக்குள் ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார்.

சாயங்காலம் அவள் வழக்கம்போல அடுப்பின் முன் உட்கார்ந்தாள். அதற்குள் காது இரைச்சல் அடங்கியிருந்த அம்புரோஸ் பாயில் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டார். அடுப்பு பேசாமல் எரிந்தது. அப்புறம் அந்தத் தணிந்த குரல் வந்தது.

"அம்மாடி, இன்னா சத்தம். அத்தினி பேருக்கும் மின்னால எம் புருசன் ராசாவாட்டம் குந்திகினு இருந்துச்சி. பாயி கட்டிப் புடிச்சிகினு அழுதத பாத்தப்போ எனுக்கும் அழுவ வந்துட்ச்சி." ஊதுகுழலை எடுத்து இரண்டு ஊது ஊதினாள். "நாளைக்கு வெள்ளிக்கெழம, கறி ஆவாது. மாங்கா போட்டு வஞ்சிரக் கொழம்பு வச்சா நல்லாத்தான் இருக்கும். ஹும், யாரு வாங்கியாரப் போறா."

எதுவும் போய்விடவில்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அம்புரோஸ் ஆறு வருஷத்தில் தூங்காத தூக்கம் தூங்கினார்.

மறுநாள் வேலை விட்டதும் சைக்கிளைக் காசிமேட்டுப் பக்கம் திருப்பினார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கன்னியம்மா கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாழையிலையில் கட்டின ஒரு பொட்டலத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வஞ்சிரம் இருக்குதா, கன்னியம்மா?"

"இன்னா மாமு இவ்ளோ லேட்டு? உனுக்கோசரம்தான் குந்திகினு கீறேன்" என்று பொட்டலத்தை நீட்டினாள்.

அம்புரோஸுக்குச் சிரிப்பு வந்தது. "நான் வஞ்சிரந்தான் வாங்குவேன்னு உனுக்கு எப்டித் தெரியும்?"

"நல்லா கேட்ட போ" என்றாள் கன்னியம்மா, முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து. "'நேத்தே அடுப்பாண்ட சொல்ட்டேன், சாங்காலம் அது வந்து வாங்கிக்கும், நல்ல துண்டா எடுத்து வை'ன்னு காத்தாலயே ஃப்ளோரன்ஸு வந்து சொல்ட்டுப் போச்சி. ஆறு வருசமா இப்டித்தான மாமு நடந்துகினு கீது?"